எந்த வெள்ளிக்கிழமை வரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கியதல்ல. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மலர் போடும். 2017இல் அதற்கு நான்தான் பொறுப்பாசிரியை. பாதிப் பக்கங்களை வீடு விற்பவர்களின் விளம்பரம் நிரப்பிவிடும். மீதிக்கு ஆள் பிடிக்க வேண்டும். அப்போது நானும் ஷ்யாமளாவும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒரே காரில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துக் கம்பெனி. "எப்பப் பார்த்தாலும் அந்த டொமேட்டோ பை பத்தியே பேசுறியே, அதையே ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றேன். ஒரு பத்தி அனுப்பினாள். மீதி வரவே இல்லை. அந்த இடத்தில் ஒரு பல் டாக்டரின் விளம்பரத்தைப் போட்டோம்.

ஷ்யாமளா இந்த வருஷம் ஜனவரியில் இறந்துபோனாள். ஐம்பத்தெட்டு வயது. ஆகஸ்டில் அவள் கணவர் வாஞ்சிநாதன் டெக்ஸாஸிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினார். அந்த நான்கு நாளில் அவர் சொன்னதும், அவருடைய மகள் தீக்ஷா போனில் சொன்னதும், எனக்கே தெரிந்ததும் சேர்ந்துதான் இது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதப் பார்க்கிறேன். நடுவில் என் தலை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

[நியூ ஜெர்சியின் தலைநகரான டிரென்டனில் குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்துவரும்—] இது மலருக்கான கட்டுரை. அவள் எழுத வேண்டியது. நான் எழுதினால் பொய்.

[தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே வந்து நிற்பாள்.] நல்ல வாக்கியம்தான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் அவளை முதன்முதலில் நோயாளியாகப் பார்ப்பீர்கள். அப்படி மட்டுமே அவளைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

அதனால் அவள் அனுப்பிய பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். எழுத்துப் பிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

"அன்புள்ள தமிழ் மக்களே, தயவுசெய்து அதைப் பீட்சா என்று சொல்லாதீர்கள். பீட்சாவில் மாவு, மேலே சாஸ், அதற்கும் மேலே சீஸ். டொமேட்டோ பையில் மாவு, மேலே சீஸ், கடைசியாகத்தான் தக்காளி. அதுவும் அரைத்த சாஸ் இல்லை, கையால் நசுக்கிய தக்காளி. ஒரு கெமிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சீஸ்தான் மாவுக்கு ரெயின்கோட். தண்ணீர் கீழே இறங்காது. அடிப்பாகம் அப்பளம் மாதிரி நொறுங்கும், மேலே தக்காளி தக்காளியாகவே இருக்கும். தக்காளியைச் சீஸுக்கு அடியில் ஒளித்துவைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்களை நினைத்து வருத்தப்படுகிறேன்."

இதுதான் ஷ்யாமளா. இந்தக் குரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் இதை நான் உண்டாக்க முடியாது.*

(* "பை" என்ற சொல்லாலும் எனக்குத் தொல்லை. தமிழில் அது கடைக்குக் கொண்டுபோகும் பை. சென்னையிலிருந்து வந்த வாஞ்சிநாதனின் அக்காவை ஷ்யாமளா நூவர்க் ஏர்போர்ட்டிலிருந்து நேராக அந்தக் கடைக்குத்தான் கூட்டிப்போனாள். "டொமேட்டோ பை வாங்கிட்டுப் போயிடலாம் அக்கா" என்றதும் அந்த அம்மாள், "தக்காளி வாங்கப் பை நானே கொண்டுவந்திருக்கேனே" என்றாராம்.)

3

கடையின் பெயர் மர்சுல்லோ. டிரென்டனை ஒட்டிய ஹாமில்டனில், டயர்க் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மேசை. துண்டாகக் கேட்டால் கிடைக்காது, முழுசாகத்தான் வாங்க வேண்டும். ஓவன் முன்னால் ரே நிற்பான். மற்ற எல்லாவற்றையும் அவன் மனைவி டெனிஸ் பார்த்துக்கொள்வாள். கடை டெனிஸின் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது.

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை, டர்ன்பைக் நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள் என்று வேறு வழியாக வந்தபோது ஷ்யாமளா குடும்பம் அங்கே நுழைந்தது. தீக்ஷாவுக்குப் பத்து வயது. முதல் துண்டைக் கடித்த ஷ்யாமளா அதைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து நேராக கவுன்டருக்குப் போனாள்.

"சீஸ் ஏன் கீழே இருக்கு?"

டெனிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க ஹெல்த் டிபார்ட்மென்டா?" என்று கேட்டாள்.

"இல்ல. கெமிஸ்ட்."

அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார்கள். தக்காளி டப்பாவைத் திறந்ததும் தண்ணீரை வடிப்பார்களா, உப்பை எப்போது சேர்ப்பார்கள், மாவு எத்தனை மணி நேரம் ஊறும். டெனிஸ் பாதிக்குத்தான் பதில் சொன்னாள், மீதி குடும்ப ரகசியம் என்றாள். அதற்கப்புறம் ஷ்யாமளாவுக்கு அந்தக் கடையில் பெயர் "கெமிஸ்ட்". ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆறு மணி, ஜன்னலோர மேசை. டெனிஸின் அண்ணன் இறந்தபோது ஷ்யாமளா ஒரு பெரிய அடுக்கு நிறையத் தேங்காய் சாதம் எடுத்துப் போனாள். தீக்ஷாவுக்குக் காலேஜ் அட்மிஷன் வந்ததை அவள் முதலில் சொன்னது டெனிஸிடம். எனக்குக்கூடத் திங்கட்கிழமை காரில்தான் சொன்னாள்.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். பதினான்கு வருஷம் ஒரு மனுஷன் வாராவாரம் அவ்வளவு தூரம் கார் ஓட்டிப்போனால், அவனும் பக்தனாகத்தானே இருக்க வேண்டும்? முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தேன். [வாஞ்சிநாதனும் அந்த ருசிக்கு அடிமையாகி—]

அதை அவரிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அதை எடுத்துடுங்க ராஜி. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது."

"என்ன சொல்றீங்க?"

"புளிப்பு. நெஞ்சு எரியும். ரெண்டு துண்டு சாப்பிட்டா ராத்திரி பூரா உக்காந்துட்டு இருக்கணும். ஆனா போக வர ஒண்ணரை மணி நேரம் காரு. அவ பேசிட்டே வருவா. ஆஃபீஸ்ல யாரு யாரை மாட்டிவிட்டா, எந்த எக்ஸ்பெரிமென்ட் புட்டுக்கிச்சு, தீக்ஷா என்ன பொய் சொன்னா. வாரம் பூரா நான் பேங்க் ஆளுங்களோட சர்வர் டவுன், சர்வர் அப்புன்னு பேசிட்டிருக்கிறவன். எனக்கு வெள்ளிக்கிழமைன்னா அந்த ஒண்ணரை மணி நேரம்தான்."

"அவகிட்ட சொன்னதே இல்லையா?"

"எதுக்குச் சொல்லணும்?"

பேச்சு எப்போது குறைந்தது என்று கேட்டேன். காபியை இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமா. வயசாச்சுன்னு நெனச்சேன். மெனோபாஸ்னு நெனச்சேன். என்கிட்ட பேசிப் பேசி அலுத்துப்போச்சுன்னும் நெனச்சேன்."

5

பிறகு 2020 வந்தது. கடைக்குள்ளே உட்கார முடியாது. பெட்டியை வாங்கி பார்க்கிங் லாட்டில் காரிலேயே சாப்பிட வேண்டும். ஷ்யாமளா வெள்ளிக்கிழமையோடு செவ்வாயையும் சேர்த்தாள். பிறகு வியாழன். கோடைக்குள் தினமும் ஆகிவிட்டது. வேலை வீட்டிலிருந்துதான், ஆனால் மீட்டிங் நடுவிலேயே எழுந்து வந்து, "கிளம்பலாமா" என்பாள். வாஞ்சிநாதனுக்கு அது விநோதமாகப் படவில்லை. அந்த வருஷம் எல்லோருமே விநோதமாகத்தான் இருந்தோம். என் வீட்டுக்காரர் முப்பது கிலோ துவரம்பருப்பு வாங்கி அடுக்கினார்.

அடுத்த வருஷம் கடை திறந்தது. அந்த செப்டம்பரில் நடந்ததை அவர் என்னிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர்களுடைய பை வர நேரமாகிவிட்டது. பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி. ஷ்யாமளா எழுந்து போய் அவர்கள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். அந்த அம்மாள் திகைத்துப்போய்ச் சிரிக்கப் பார்த்தாள். ஷ்யாமளா இரண்டாவதையும் எடுத்தாள். வாஞ்சிநாதன் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு, வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன ஆச்சு உனக்கு? பிச்சைக்காரி மாதிரி அடுத்தவங்க தட்டுல கை வைக்கிற?"

"பசிக்குது."

"அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாதா? படிச்சவதானே நீ? வெக்கமா இல்ல?"

"உள்ள போலாம். பசிக்குது."

அவர் காரின் கூரையை ஓங்கி அறைந்தார். அவள் சிறிதும் அசையவில்லை, கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் குரலை உயர்த்தினால் அவள் இரண்டு மடங்கு உயர்த்துவாள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. வீடு வரும்வரை அவர் திட்டிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு ஏழு மாதம், அநேகமாகத் தினமும் திட்டினார். கார் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தார்.

[ஒரு கணவன் தன் மனைவியை—] இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அது தீர்ப்பாகிவிடும். அப்படியே விடுகிறேன்.

6

2022 ஏப்ரலில் நரம்பியல் டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டே வரும். இந்த வகையில் ஞாபகம் முதலில் போகாது, குணம்தான் போகும். கூச்சம் போகும், இரக்கம் போகும், அடுத்தவர் முகத்தைப் படிக்கும் திறன் போகும். பலருக்கு ஒரே சாப்பாட்டின் மேல், ஒரே நேரத்தின் மேல், ஒரே இடத்தின் மேல் வெறி வரும்.

"ஒரே இடம்னா?" என்று கேட்டார் வாஞ்சிநாதன்.

"ஒரே உணவகத்துக்குத் தினமும் போகணும்னு அடம்பிடிக்கிறவங்க உண்டு" என்றார் டாக்டர்.

வாஞ்சிநாதன் வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவிலிருந்து சாவியை எடுத்து, அவளைக் காரில் உட்காரவைத்து, மர்சுல்லோவுக்கு ஓட்டிப்போனார். டெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரே அப்போது உயிரோடு இல்லை. டெனிஸும் ஒரு சமையல்காரரும்தான். அவள் கவுன்டர் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "மூணு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நாங்க நாலு மணிக்குத்தான் திறப்போம். யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள்.

அப்படி ஆறு மாதம் போனது. வெளியே "மூடப்பட்டுள்ளது" என்ற பலகை தொங்கும், உள்ளே ஒரு மேசையில் மட்டும் விளக்கு எரியும். டெனிஸ் கத்தரிக்கோலால் பையைச் சின்னச் சின்னதாக வெட்டி வைப்பாள். ஷ்யாமளா வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்ததை அடைப்பாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். தட்டு காலியானதும் எழுந்து கதவுக்குப் போய்விடுவாள்.

அக்டோபரில் ஒருநாள் தொண்டையில் அடைத்துக்கொண்டது. முகம் நீலம் பாய்ந்தது. வாஞ்சிநாதன் முதுகில் தட்டினார், பலனில்லை. டெனிஸ்தான் அவரைத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்து ஷ்யாமளாவைக் கட்டிப்பிடித்து வயிற்றில் நான்கைந்து முறை ஓங்கி அமுக்கினாள். துண்டு தெறித்து விழுந்தது. ஷ்யாமளா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

டெனிஸ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டில்லாமல் திரும்பி வந்தாள்.

"வாஞ்சி, இனிமே கூட்டிட்டு வராதீங்க."

"இன்னும் சின்னதா வெட்டினா—"

"என் கடையில என் கையால இவங்க சாகறதை என்னால பார்க்க முடியாது. தயவுசெய்து வராதீங்க."

பதினான்கு வருஷத்துச் சிநேகிதம், ஒரு ஆபத்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டாள் என்று அவர் நினைத்தார். அன்றைக்கு மட்டுமில்லை, மூன்று வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார். டெனிஸ் பலமுறை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை.

7

ஐந்து மணிக்குக் கைப்பையோடு வாசலில் நின்றது அதற்குப் பிறகுதான். கதவு பூட்டியிருந்தால் நின்றுகொண்டே இருப்பாள். உட்கார்த்திவைத்தால் மறுபடி எழுந்து வருவாள். 2023 மார்ச்சில் ஒரு மத்தியானம், பார்சல்காரருக்குக் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சரியாகத் தாழ் போடவில்லை. ரூட் 18 எப்படிப்பட்ட ரோடு என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நடக்க இடமே கிடையாது. அந்த ரோட்டின் ஓரத்தில், லாரிகளுக்குப் பக்கத்தில், ஸ்வெட்டர்கூட இல்லாமல் அவள் போய்க்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "மர்சுல்லோ" என்றாள். அவள் கடைசியாகச் சொன்ன தெளிவான சொற்களில் அது ஒன்று.

தீக்ஷா அடுத்த விமானத்தில் வந்தாள். ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட் அவள், வீடு பேர்லேண்டில். தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அப்பாவிடம் அவள் சொன்னது தமிழில் இப்படி இருக்கும்: "எங்க ஊர்ல கார் இல்லாம எங்கயும் போக முடியாது. அம்மாவுக்கு அங்கே நடந்து போக ஒரு இடம் கிடையாது. அதுதான் அம்மாவுக்கு நல்லது."

"அவளுக்கு வேண்டியது அது ஒண்ணுதான், கண்ணா."

"தெரியும் அப்பா. அதனாலதான் சொல்றேன்."

மே மாதம் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். பேர்லேண்டிலும் ஷ்யாமளா ஐந்து மணிக்கு வாசலில் நின்றாள். வாஞ்சிநாதன் அவளைக் காரில் ஏற்றி அந்த ஊர் மீனாட்சி கோயில்வரை ஓட்டிப்போய், உள்ளே போகாமல் ஒரு சுற்று சுற்றித் திரும்புவார். ஒன்றரை மணி நேரம் ஆகட்டும் என்று மெதுவாக ஓட்டுவார். காரில் அவரே பேசிக்கொண்டு போவார். பழைய வெள்ளிக்கிழமைகளில் அவள் சொன்ன ஆஃபீஸ் கதைகளையே அவளுக்குத் திருப்பிச் சொல்வார். பெயர்கள் பாதி மறந்துபோயிருந்தன.

ஏழெட்டு மாதத்தில் ஒருநாள் ஐந்து மணிக்கு அவள் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படித்தான். எல்லோரும் நிம்மதி என்றார்கள். வாஞ்சிநாதன் அன்றைக்குக் கார் ஷெட்டுக்குப் போய் அழுதார். அவள் எதையும் வேண்டாத ஆளாகிவிட்டாள் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் கூழ்தான். போன டிசம்பரில் நிமோனியா, ஜனவரி ஒன்பதாம் தேதி முடிந்துவிட்டது.

8

அவர் ஆகஸ்டில் வந்த மூன்றாம் நாள் மர்சுல்லோவுக்கு என்னைத்தான் ஓட்டச் சொன்னார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பயந்தேன். டெனிஸ் அவரைப் பார்த்ததும் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். எழுபதை நெருங்கியிருந்தாள். அவர் செய்தியைச் சொன்னார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கேட்டார். "டெனிஸ், உனக்கு எப்பத் தெரிஞ்சுது? அவ மாறிட்டான்னு."

"உங்களுக்கு முன்னாலேயே" என்றாள் டெனிஸ். "ரே 2018 நவம்பர்ல செத்தான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீங்க பார்க் பண்ணப் போயிருந்தீங்க, கெமிஸ்ட் உள்ள வந்தாங்க. 'ரே போயிட்டான்'னு சொன்னேன். 'அப்ப இன்னிக்கு ஓவன் யாரு பாத்துக்கறா'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். என் அண்ணன் செத்தப்ப சோறு ஆக்கிட்டு வந்த அதே பொம்பளை. நான் ரெண்டு வருஷம் அவங்க மேல கோபமா இருந்தேன், வாஞ்சி. உங்க மேலயும். நீங்கதான் அப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்திருப்பீங்கன்னுகூட நெனச்சேன். அன்னிக்கே உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

அவர் டெனிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் மூன்று வருஷமாகப் போனை எடுக்காததைப் பற்றி அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு பை வந்தது. அவர் ஒரு துண்டு சாப்பிட்டார்.

9

இனி, அவர் என்னிடம் விட்டுப்போன வேலை.

நான்காம் நாள் காலை, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ராஜி, நீங்க கதை எழுதுறவங்க. எனக்கு ஒரு தேதி வேணும். இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ, அதுக்கப்புறம் வியாதின்னு ஒரு கோடு போடணும். டாக்டர் முடியாதுங்கறார். கதையில முடியும்ல?"

"எந்தத் தேதி வேணும் உங்களுக்கு?"

அவர் ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தார். "2021 மார்ச்சுக்கு அப்புறம் எப்ப வேணாலும் போடுங்க." அந்த மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை. பார்க்கிங் லாட்டில் காருக்குள் பெட்டியைத் திறந்ததும் ஷ்யாமளா முதல் துண்டை எடுத்து, சூடு தணிய ஊதி, அவர் கையில் கொடுத்தாள். பேசவில்லை. ஆனால் கொடுத்தாள். அந்தச் சமயத்தில் யாருக்கும் எதுவும் கொடுக்காதவள். "பழக்கம் கடைசிவரைக்கும் நிக்கும், அது வெறும் பழக்கமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றார். எனக்கு அது அவளா இருக்கணும் ராஜி. அப்ப அது அவதான்னு எழுதுங்க."

அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து தீக்ஷாவுக்கு போன் செய்தேன். இப்படிக் கேட்கிறார் என்றேன். அவள் தமிழில் பேசினாள். அதற்கு முன் அவள் என்னிடம் தமிழில் முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

"ஆன்ட்டி, 2019 டிசம்பர்ல எனக்கு மிஸ்கேரேஜ் ஆச்சு. அப்பாவுக்குத் தெரியாது. அம்மாகிட்ட மட்டும் போன் பண்ணிச் சொன்னேன். அம்மா சொன்னா, 'சரி, அப்புறம் பேசறேன், கடை மூடிடுவாங்க.' போனை வெச்சிட்டா. திரும்பப் பண்ணவே இல்ல." மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். கோட்டை அதற்கு முன்னால் போடுங்கள் என்றாள். ஒருநாள் முன்னால் போட்டாலும் போதும், ஆனால் முன்னால்தான் போட வேண்டும் என்றாள். அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "கதை வெளியே வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்" என்றாள். சொல்லிவிட்டாள். அதனால்தான் இதை இங்கே எழுத முடிகிறது. அப்பாவும் மகளும் அன்றைக்கு முழுக்கப் பேசினார்களாம். ஆனால் தேதியில் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.

நீங்கள் கேட்கலாம், இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஆள், நீயே நியாயமாக ஒரு தேதி சொல்லேன் என்று. இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஒருநாள் காலை, ஃப்ரீவேயில், சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தான், அம்மா போய்விட்டாள் என்று. நான் காரை ஓரம் கட்டி அழுதேன். பக்கத்தில் இருந்த ஷ்யாமளா வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "இங்கேயே உக்காந்திருந்தா லேட்டாயிடும்" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து அவளோடு காரில் போவதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. இவளைப் போய் சிநேகிதி என்று நினைத்தோமே என்று நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கும் ஒரு தேதி வேண்டியிருக்கிறது. ஆகவே கோடு போட நான் லாயக்கில்லை.

10

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை.

ஒன்றில், கோட்டை 2018இல் போட்டேன். டெனிஸுக்கு ஆறுதல், தீக்ஷாவுக்கு ஆறுதல், எனக்கும் ஆறுதல். வாஞ்சிநாதன் மட்டும் மழையில், காருக்குள், ஒரு வியாதியின் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி விட்டுவிட்டு எழுந்து போக முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் 2021 மார்ச். அந்தத் துண்டு அவள் கொடுத்தது. ஆனால் அப்படியானால் மகளின் போனை வைத்ததும் அவள். கதையில் இதைச் சொல்லக் கூசாமல் ஒரு பத்தி எழுதினேன். தீக்ஷா படிப்பாள் என்று ஞாபகம் வந்தது.

[நோயும் ஆளும் மாறி மாறி வந்துபோனார்கள் என்று—] இது சமாதானம். டாக்டர் ஒப்புக்கொள்வாரோ என்னவோ, நான் எழுதும்போதே நம்பவில்லை.

நேற்று வாஞ்சிநாதன் போன் செய்தார். "போட்டுட்டீங்களா?"

"முடியல வாஞ்சி சார்."

அவர் கோபப்படவில்லை. "சரி" என்றார். பின்னால் தீக்ஷாவின் குரல் கேட்டது, எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "படிக்கிறவங்ககிட்ட விட்டுடுங்க" என்றார். "அவங்களுக்கு அவளைத் தெரியாது. அவங்க போட்டா ஒருவேளை சரியா இருக்கும்."

ஆகவே உங்களிடம் விடுகிறேன். 2008இலிருந்து 2023 வரை எல்லா வெள்ளிக்கிழமைகளும் உங்கள் முன்னால் இருக்கின்றன, பேனாவும் உங்கள் கையில்தான். எங்கே வேண்டுமானாலும் கோட்டைப் போடுங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆனால் போட்டபின் பேர்லேண்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டியிருக்கும். ஒரே வீடுதான், இரண்டு பேரும் இருப்பார்கள். யார் எடுத்தால் என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.